தாப்பா ஏற்றத்தில் ஆயில் சூடு

இன்ஜினுக்குள் ஆயில் இரண்டு வேலை செய்கிறது. உலோகமும் உலோகமும் உரசிவிடாமல் இரண்டுக்கும் நடுவே மெல்லிய படலமாக நிற்பது ஒன்று. சூட்டைச் சுமந்துகொண்டு வெளியே வருவது மற்றொன்று. இந்த இரண்டாவது வேலை பலருக்கும் நினைவில் இருப்பதில்லை. ரேடியேட்டர் தண்ணீர் சிலிண்டர் சுவரையும் சிலிண்டர் ஹெட்டையும் சுற்றி ஓடுகிறது. கிராங்க் ஷாஃப்டின் பேரிங்குகளுக்கோ பிஸ்டனின் அடிப்பக்கத்துக்கோ அது போவதில்லை. அந்த இடங்களுக்குப் போய்வருவது ஆயில் மட்டுமே. அங்கே பிறக்கும் சூட்டை வாங்கி, கீழே ஆயில் பானில் வந்து விழுந்து, பானின் தகடு வழியாகவும் பிளாக் வழியாகவும் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கைவிடுகிறது. சாதாரண ஓட்டத்துக்கு இந்த ஏற்பாடு போதும். அது போதாமல் போகும்போதுதான் ஆயில் கூலர் தேவைப்படுகிறது.

போதாமல் போகும் இடத்தைத் தேடித் தொலைவு போகவேண்டியதில்லை. மலேசியாவில் பேராக் மாநிலத்தின் தாப்பாவிலிருந்து பகாங் மாநிலத்தின் கேமரன் மலைக்கு ஏறும் பழைய சாலை அதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 1929இல் ஜான் ஆர்ச்சிபால்ட் ரஸ்ஸல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். தாப்பாவிலிருந்து மலைமேலுள்ள தானா ராத்தா ஊர் வரையிலான சாலை 1931இல் முடிந்தது. காட்டைத் திருத்திச் செடி நட்டுக் கொழுந்து பறித்தவர்களில் பெரும்பங்கு தமிழர்கள். இன்றும் ஹபு, சுங்கை பாலாஸ் பக்கத்துச் சரிவுகளில் தேயிலை பச்சைப் பாய் விரித்ததுபோல் கிடக்கிறது. காய்கறி மூட்டைகளோடு வயதான லேண்ட் ரோவர்கள் இறங்கி ஏறுகின்றன. வார இறுதிகளில் அதே சாலையில் வேறொரு வகைக் கார்களும் ஏறுகின்றன: புரோட்டோன் சத்ரியா ஜிடிஐ, பழைய மிட்சுபிஷி லான்சர்கள், தொண்ணூறுகளில் பிறந்த ஜப்பானியக் கார்கள். இருபது, இருபத்தைந்து வயதைக் கடந்துவிட்டாலும் வேகத்துக்கென்றே செய்யப்பட்டவை. ஆயில் கூலர் போடலாமா என்ற கேள்வி இவற்றின் சொந்தக்காரர்களுக்குத்தான் எழுகிறது.

கணக்கைப் பார்க்கலாம். ஆட்களோடு சேர்ந்து 1,400 கிலோ எடையுள்ள கார் ஏறக்குறைய 1,400 மீட்டர் உயரம் ஏறுவதாகக் கொண்டால், அந்த உயர்த்தலுக்கு மட்டும் 19 மெகாஜூல் ஆற்றல் வேண்டும். ஒரு லிட்டர் பெட்ரோலில் சுமார் 32 மெகாஜூல் அடங்கியிருக்கிறது. ஆனால் இன்ஜின் அதில் கால் பங்கைத்தான் சக்கரத்துக்குத் தருகிறது என்று வைத்துக்கொண்டால், மலையேற்றத்துக்காக மட்டும் 2.4 லிட்டர் எரியவேண்டும். மீதி முக்கால் பங்கு, அதாவது 58 மெகாஜூல், சூடாக வெளியேறியாகவேண்டும். புகைக்குழாய் ஒரு பங்கையும் ரேடியேட்டர் ஒரு பங்கையும் எடுத்துக்கொள்கின்றன. சிறு பங்கு ஒன்று ஆயிலில் வந்து சேர்கிறது.

இதுவரை ஆபத்து ஒன்றும் இல்லை. இந்த மலையை நிதானமாக ஏறும் குடும்பக் காருக்கு ஆயில் கூலர் தேவையே இல்லை. தொழிற்சாலையில் பூட்டிக் கொடுத்ததே போதும். வேகமாக ஏறும் கார் விஷயம் வேறு. தாப்பா சாலையில் நூற்றுக்கணக்கான வளைவுகள். ஒவ்வொரு வளைவுக்கும் 30 கிலோமீட்டர் வேகத்துக்கு இறங்கி, வளைவு கழிந்ததும் 70க்கு முடுக்கினால் ஒவ்வொரு தடவையும் 200 கிலோஜூலுக்குச் சற்று மேல் செலவாகிறது. அடுத்த வளைவில் பிரேக் அதை அப்படியே சூடாக்கி வீசிவிடுகிறது. தொண்ணூறு வளைவுகளில் இப்படிச் செய்தால் கூட்டுத்தொகை மறுபடியும் 19 மெகாஜூல். ஆக, வேகமாக ஏறுகிற கார் அதே மலையை இரண்டு முறை ஏறுகிறது, அதுவும் குறைந்த நேரத்தில். இரண்டாவது கியரில் இன்ஜின் நிமிடத்துக்கு ஐயாயிரம், ஆறாயிரம் சுற்றுகளில் சுழல்கிறது; காரோ மெதுவாகத்தான் நகர்கிறது. நெடுஞ்சாலையில் ஆயில் பானைத் தடவிக்கொண்டு ஓடும் காற்று இங்கே இல்லை. பேரிங்கில் பிறக்கும் உராய்வுச் சூடு சுற்றோடு சேர்ந்து வேகமாக உயர்கிறது. சூட்டின் வரவு கூடுகிறது, செலவு குறைகிறது.

அந்தச் சூடு ஆயிலை என்ன செய்கிறது என்பதே இந்த விஷயத்தின் மையம். 10டபிள்யூ-40 வகை ஆயில் ஒன்றின் பாகுநிலை 40 டிகிரி செல்சியஸில் ஏறக்குறைய 95 சென்டிஸ்டோக்ஸ். 100 டிகிரியில் அது 14 ஆகிறது. 130 டிகிரியில் 8. அதாவது 100இலிருந்து 130க்குப் போவதற்குள் ஆயில் கிட்டத்தட்டப் பாதியாக நீர்த்துவிடுகிறது. கனெக்டிங் ராட் பேரிங்கில் உலோகங்களைப் பிரித்து வைத்திருக்கும் படலம் மிகக் குறுகிய இடத்தில் சில மைக்ரான் கனமே இருக்கும். ஆயில் நீர்க்க நீர்க்க அதுவும் மெலிகிறது. புதிய இன்ஜினில் இதைத் தாங்க இடம் உண்டு. இருபது ஆண்டு ஓடிய இன்ஜினில் பேரிங்கின் இடைவெளி தேய்ந்து அகன்றிருக்கும். நீர்த்த ஆயில் அந்த அகன்ற இடைவெளி வழியாக எளிதாக வழிந்துவிடும், பிரஷர் நிற்காது. தானா ராத்தாவின் முச்சந்தியில் வண்டி ஐடிலில் நிற்கும்போது ஆயில் விளக்கு மினுக்குகிறது என்றால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

இன்னொரு கேடு மெதுவாக வருகிறது. சூட்டில் ஆயில் காற்றோடு சேர்ந்து ஆக்சிஜனேற்றம் அடைகிறது. ஒவ்வொரு 10 டிகிரிக்கும் இந்த வினையின் வேகம் ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது என்பது வேதியியலில் பொதுவாகச் சொல்லப்படும் அளவு. அந்த அளவுப்படி 130 டிகிரியில் உழைக்கும் ஆயில் 100 டிகிரியில் உழைப்பதைவிட எட்டு மடங்கு வேகமாகக் கெடும். மினரல் ஆயிலுக்கு இது கடுமையான தண்டனை. சிந்தெடிக் ஆயில் கூடுதலாகத் தாங்கும்.

அப்படியானால் ஆயிலை எவ்வளவு குளிர வைத்தாலும் நல்லதுதானே என்று தோன்றும். பழைய கார்களை இந்த எண்ணமே பெரும்பாலும் கெடுக்கிறது. இன்ஜின் எரியும்போது தண்ணீரும் உண்டாகிறது. அதில் கொஞ்சம் நீராவியாகப் பிஸ்டன் வளையங்களைத் தாண்டி ஆயிலில் கலக்கிறது. குளிர்ந்த இன்ஜினுக்குக் கூடுதலாக ஊற்றப்படும் பெட்ரோலும் அதே வழியில் இறங்குகிறது. ஆயில் 90 டிகிரிக்கு மேல் கொஞ்ச நேரம் ஓடினால்தான் இந்த இரண்டும் ஆவியாகி வெளியேறும். காலை ஆறு மணிக்கு கேமரன் மலையில் 16 டிகிரி குளிர் இருக்கும். சுங்கை பாலாஸ் பக்கத்துத் தோட்ட வீட்டிலிருந்து பிரிஞ்சாங் கடைத்தெருவுக்கு ஐந்தாறு கிலோமீட்டர் ஓடி நின்றுவிடும் காரில் ஆயில் அந்தச் சூட்டை எட்டவே எட்டாது. ஆயில் மூடியைத் திறந்தால் உள்ளே பால் கோவாபோல வெளிறிய பசை ஒட்டியிருக்கும். இந்தக் காரில் தெர்மோஸ்டாட் (சூட்டுக்கேற்பக் கூலரின் பாதையைத் திறந்து மூடும் வால்வு) இல்லாத கூலரைப் பூட்டுவது அதற்குச் செய்யும் தீங்கு.

தாப்பாவில் பகல் வெயில் 33 டிகிரி. ஒன்றரை மணி நேரத்தில் அதே கார் 20 டிகிரிக் குளிரில் நிற்கிறது. ஏற்றத்தில் சூடு மிஞ்சுகிறது, இறக்கத்தில் குறைகிறது. ஆகவே இந்தச் சாலைக்குப் பூட்டும் கூலருக்கு வேலை ஆயிலை 90க்கும் 110க்கும் இடையில் நிறுத்திவைப்பது. அந்த வேலையைச் செய்வது தெர்மோஸ்டாட். கூலரின் அளவைப் பற்றி மணிக்கணக்கில் பேசுபவர்கள் இந்தச் சின்ன வால்வைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாமல் விடுவது வருத்தமானது.

கார்களுக்கு ஆயில் கூலர் புதிய பொருளல்ல. காற்றால் குளிரும் வோக்ஸ்வேகன் பீட்டிலில் அது பிறப்பிலேயே இருந்தது. விசிறிக் கூட்டுக்குள், சிலிண்டர்களுக்குப் போகும் காற்றின் பாதையிலேயே கூலர் நின்றது. அதைத் தொட்டுச் சூடான காற்றுதான் பின்னால் இருந்த மூன்றாவது சிலிண்டருக்குக் கிடைத்தது. அந்தச் சிலிண்டர் மற்றவற்றைவிடச் சூடாக ஓடியது. எழுபதுகளின் தொடக்கத்தில் கூலரைத் தனி அறைக்கு நகர்த்திய பிறகே அந்தக் குறை நீங்கியது. ஒரு கூலர் இன்னொரு கூலரின் காற்றைத் திருடக்கூடாது என்ற பாடம் அந்த மூன்றாவது சிலிண்டரிடமிருந்து வந்தது. ரேடியேட்டருக்கு முன்னால் ஆயில் கூலரைப் பூட்டும்போதெல்லாம் அது திரும்ப வருகிறது. மிட்சுபிஷி லான்சர் எவல்யூஷனில் கூலர் பம்பரின் ஓரத்தில், ரேடியேட்டரை மறைக்காத இடத்தில், தொழிற்சாலையிலேயே பூட்டப்பட்டது. மலேசியாவின் கரம்ஜித் சிங் 2002இல் உலக ராலி உற்பத்திக் கார் பட்டத்தை வென்றது அந்த எவல்யூஷன் வழிவந்த புரோட்டோன் பெர்ட்டில்தான். சத்ரியா ஜிடிஐயின் 1,834 சிசி 4ஜி93 இன்ஜினும் மிட்சுபிஷி குடும்பத்ததே. டர்போ இல்லாத தம்பி என்பதால் அதற்கு இவ்வளவு பெரிய ஏற்பாடு தேவைப்படாது.

கூலரில் இரண்டு வகை உண்டு. ஒன்று காற்றுக்குச் சூட்டைக் கொடுப்பது. மெல்லிய அலுமினியத் தட்டுகளை அடுக்கி இடையில் மடிப்புத் தகடு வைத்த சிறு ரேடியேட்டர் போன்றது. மற்றது ரேடியேட்டர் தண்ணீருக்குச் சூட்டைக் கொடுப்பது. ஆயில் ஃபில்டருக்கும் பிளாக்குக்கும் நடுவே உட்காரும் வட்டமான பெட்டி. தண்ணீர் வகைக்கு ஒரு தனிக் குணம் உண்டு. குளிர்ந்த காலையில் தண்ணீர் ஆயிலைவிட விரைவாகச் சூடாகும். அப்போது கூலர் ஆயிலுக்குச் சூட்டைக் கொடுக்கிறது. ஏற்றத்தில் ஆயில் தண்ணீரை மிஞ்சிச் சூடானதும் சூடு எதிர்த்திசையில் பாய்கிறது. மலையிலேயே குடியிருந்து குறுந்தூரம் ஓட்டுபவருக்கு இதுவே நல்ல தேர்வு. ஆனால் அது இறக்கிவைக்கும் சூட்டையும் ரேடியேட்டர்தான் சுமக்கவேண்டும். ரேடியேட்டர் பழையதாக, பாதி அடைத்ததாக இருந்தால் சுமை இடம் மாறியதுதான் மிச்சம். ஈப்போவிலிருந்தோ கோலாலம்பூரிலிருந்தோ வந்து மலையை வேகமாக ஏறி இறங்குபவருக்குத் தெர்மோஸ்டாட்டோடு கூடிய காற்று வகை பொருந்தும்.

எவ்வளவு பெரிய கூலர் வேண்டும்? நிமிடத்துக்கு 20 லிட்டர் ஆயில் கூலர் வழியாக ஓடி, ஒவ்வொரு சுற்றிலும் 10 டிகிரி குறைந்தால் ஏறக்குறைய 6 கிலோவாட் சூடு வெளியேறும். டர்போ இல்லாத 1.8 லிட்டர் இன்ஜினுக்கு இதுவே தாராளம். கடைகளில் அடுக்குகளின் எண்ணிக்கையைச் சொல்லித்தான் கூலர் விற்கிறார்கள். 13 அல்லது 16 அடுக்கு இந்த அளவு இன்ஜினுக்குப் போதுமானது. 25 அடுக்கு வாங்கினால் எடையும் செலவும் கூடும், ஆயிலின் பாதையில் தடையும் ஹோஸ் இணைப்புகளில் இழுப்பும் கூடும்.

உயரமும் கணக்கில் வருகிறது. தானா ராத்தாவில் காற்று அடர்த்தி குறைவு. தாப்பாவின் வெயில் காற்றோடு ஒப்பிட்டால் ஒரு கன மீட்டரில் எட்டில் ஒரு பங்கு எடை குறைந்திருக்கும். ஆகவே அது எடுத்துச் செல்லக்கூடிய சூடும் குறையும். ஆனால் 110 டிகிரி ஆயிலுக்கும் 33 டிகிரிக் காற்றுக்கும் இடையே 77 டிகிரி வித்தியாசம். 20 டிகிரிக் காற்றென்றால் 90. ஒரு கை எடுத்ததை மறுகை கொடுத்துவிடுகிறது. உயரத்துக்காகப் பெரிய கூலர் வாங்கவேண்டியதில்லை.

வாங்குவதற்கு முன் அளக்கவேண்டும். ஆயில் சூட்டுக்கு ஒரு மீட்டரும் பிரஷருக்கு ஒரு மீட்டரும் பூட்டி, பழைய நிலையிலேயே தாப்பாவிலிருந்து வழியிலுள்ள ரிங்லெட் வரை ஒருமுறை வழக்கமான வேகத்தில் ஏறிப் பார்ப்பது அடுத்த எல்லாச் செலவையும் தீர்மானிக்கும். 110 டிகிரியைத் தாண்டவில்லை என்றால் கூலர் வேண்டாம். அந்தப் பணத்தில் நல்ல ஆயிலும் புது ரேடியேட்டரும் வாங்கலாம். 125, 130 என்று ஏறினாலும் முதலில் வேறு காரணங்களைத் தேடுவது நல்லது: ஆயில் அளவு குறைந்திருக்கிறதா, விசிறி ஓடுகிறதா, இக்னிஷன் டைமிங் பின்தங்கியிருக்கிறதா. 90 டிகிரியிலேயே பிரஷர் குறைவாக இருந்தால் தேய்ந்திருப்பது பேரிங் அல்லது ஆயில் பம்ப். அதற்குக் கூலர் மருந்தாகாது; வலியை மறைக்கும், நோயை வளர்க்கும்.

பூட்டும் வேலை ஆயில் ஃபில்டரில் தொடங்குகிறது. ஃபில்டரைக் கழற்றி, அந்த இடத்தில் சாண்ட்விச் பிளேட் எனப்படும் தட்டை வைத்து, அதன்மேல் ஃபில்டரைத் திரும்பப் பூட்டுகிறார்கள். தட்டின் பக்கவாட்டில் இரண்டு வாய்கள். ஒன்று கூலருக்குப் போக, ஒன்று திரும்பி வர. தெர்மோஸ்டாட் இந்தத் தட்டுக்குள்ளேயே இருக்கும் வகைதான் வாங்கத்தக்கது. 80 டிகிரியை ஒட்டி அது கூலரின் பாதையைத் திறக்கத் தொடங்கும். அதற்கு முன்பும் சிறு கசிவாகக் கொஞ்சம் ஆயிலைக் கூலருக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். கூலரில் காற்று தங்காமல் இருக்கவும், திறக்கும்போது குளிர்ந்த ஆயில் திடீரென்று இன்ஜினுக்குள் பாயாமல் இருக்கவும் இந்தக் கசிவு உதவுகிறது.

மரையில் கவனம் தேவை. ஃபில்டர் குழாயின் மரையில் இரண்டு அளவுகள் அதிகம் புழங்குகின்றன: 20 மில்லிமீட்டர் 1.5 இடைவெளி, முக்கால் அங்குலம் 16 மரை. முக்கால் அங்குலம் என்பது 19.05 மில்லிமீட்டர். வித்தியாசம் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. மரை இடைவெளியிலும் ஒரு மயிரிழைதான். 20 மில்லிமீட்டர் நட்டு முக்கால் அங்குலக் குழாயில் தளர்வாக ஏறிவிடும், இறுகியதுபோலவும் தோன்றும். பிரஷர் வரும்போது பிடுங்கிக்கொள்ளும். மரை அளவுகோல் வைத்துப் பார்க்காமல் கையால் தடவி முடிவு செய்யக்கூடாத இடம் இது.

கூலரை எங்கே வைப்பது? ரேடியேட்டருக்கு முன்னால் வைப்பது எளிது. ஆனால் ஆயிலின் சூட்டை வாங்கிய காற்றுதான் ரேடியேட்டருக்குக் கிடைக்கும். பம்பரின் கீழ்மூலை மேல்; அங்கே வைத்தால் காற்று உள்ளே வர ஒரு வாயும், அதைவிட முக்கியமாக, வெளியேற ஒரு வழியும் வேண்டும். தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் தொட்டியைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். அங்கே கீழிருந்து ஊதும் காற்று முழுவதும் கொழுந்துப் படுகையின் ஊடாகவே மேலே போகும்படி தொட்டியின் பக்கங்கள் அடைக்கப்பட்டிருக்கும். ஓரத்தில் ஓட்டை இருந்தால் காற்று அந்த வழியாக ஓடிவிடும், கொழுந்து வாடாது. கூலரும் அப்படியே. ஓரங்களை அடைக்காமல் வைத்தால் காற்று அதைச் சுற்றிக்கொண்டு போய்விடும். வாய்கள் மேலே பார்த்தபடி கூலரை வைக்கவேண்டும். கீழே பார்த்திருந்தால் மேல் அடுக்குகளில் காற்று சிக்கிக்கொண்டு அந்தப் பகுதி வேலை செய்யாது. லாரிகள் தெறிக்கவிடும் கல்லுக்கு முன்னால் ஒரு வலை, அதிர்வுக்கு ரப்பர் புஷ்.

பாழாவது பெரும்பாலும் ஹோஸ்தான். இன்ஜின் ஒவ்வொரு முடுக்கலிலும் தன் மவுண்டில் அசைகிறது. கூலர் பாடியில் அசையாமல் நிற்கிறது. இரண்டுக்கும் நடுவே உள்ள ஹோஸுக்கு அந்த அசைவுக்குத் தகுந்த தளர்வு வேண்டும். எஃகு நூல் பின்னிய ஹோஸ் பார்க்க அழகு. ஆனால் உராயும் இடத்தில் அது ரம்பம். பெயின்டையும் வயரையும், சமயத்தில் பக்கத்து ஹோஸையும் அறுத்துவிடும். இடையிடையே ரப்பர் வைத்த கிளிப் போட்டு, எக்ஸ்சாஸ்ட் மேனிஃபோல்டிலிருந்து தள்ளிக் கொண்டுபோகவேண்டும். ஹோஸை வெட்டும்போது உள்ளே விழும் ரப்பர்த் துகளைக் கழுவி எடுக்காவிட்டால், அது முதலில் போய்ச் சேரும் இடம் பேரிங். அலுமினிய இணைப்புகளை இரண்டு ஸ்பேனர் பிடித்து இறுக்கவேண்டும். ஒரே ஸ்பேனரில் முறுக்கினால் கூலரின் கழுத்து திருகிக்கொள்ளும்.

இந்தக் கவனத்துக்கெல்லாம் காரணம் ஓர் எளிய கணக்கு. ஆயில் பானில் 4 லிட்டர். வேகமான சுற்றில் பம்ப் நிமிடத்துக்கு 25 லிட்டர் தள்ளுவதாகக் கொண்டால், ஒரு ஹோஸ் பிடுங்கிக்கொண்ட பத்தே வினாடிகளில் பான் காலி. அந்த ஆயில் சூடான மேனிஃபோல்டில் விழுந்தால் தீ. கூலர் இல்லாத இன்ஜினில் இந்த ஆபத்து இல்லை. கூலர் பூட்டுபவரே அதைக் காருக்குள் கொண்டுவருகிறார். அதனால்தான் மலிவான ஹோஸில் மிச்சம் பிடிக்கக்கூடாது.

மலிவைப் பற்றிப் பேசும்போது ஹாஃப்-கட் கடைகளையும் சொல்லவேண்டும். ஜப்பானிலிருந்து பாதியாக அறுத்து வரும் கார்களின் முன்பகுதிகள் மலேசியாவில் பழைய கார்ப் பிரியர்களுக்குப் பெரும் வரம். இன்ஜின், கியர்பாக்ஸ், பிரேக் எல்லாம் அங்கே வாங்கலாம். பழைய ஆயில் கூலரை மட்டும் வாங்கக்கூடாது. அது வந்த காரின் இன்ஜின் பேரிங் கடித்து நின்றிருந்தால் அதன் உலோகத் தூள் கூலரின் அடுக்குகளுக்குள் படிந்திருக்கும். மடிப்புத் தகடுகளுக்கு இடையே சிக்கிய தூளை எந்தத் திரவம் ஊற்றியும் முழுவதும் வெளியேற்ற முடியாது. சூடான ஆயில் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக அடித்துக்கொண்டு வரும். கூலரிலிருந்து திரும்பும் ஆயில் ஃபில்டருக்கு முன்னால் சேர்கிறதா, பின்னால் சேர்கிறதா என்பது தட்டின் அமைப்பைப் பொறுத்தது; பின்னால் சேர்ந்தால் தூள் நேரே கிராங்குக்குப் போகும்.

எல்லாம் பூட்டியதும் கூலரில் ஆயில் ஊற்றி நிரப்பிவிட்டு, பெட்ரோல் பம்பின் ஃபியூஸைக் கழற்றி, பிரஷர் மீட்டர் முள் எழும்வரை ஸ்டார்ட்டரை மட்டும் விட்டு விட்டுச் சுற்றவேண்டும். பிறகு இன்ஜினை ஐடிலில் ஓடவிட்டு ஒவ்வோர் இணைப்பையும் உலர்ந்த துணியால் துடைத்துப் பார்க்கவேண்டும். 14 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள ஹோஸ் இரண்டு மீட்டர் போனால் அதில் மட்டும் 300 மில்லி ஆயில் பிடிக்கும். கூலரையும் சேர்த்தால் முக்கால் லிட்டர் வரை போகலாம். அளவுக்குச்சியைப் பார்த்து அந்த அளவை ஊற்றிச் சரிசெய்யவேண்டும். தெர்மோஸ்டாட் திறந்ததா என்பதைக் கையே சொல்லும்: சூடேறும்வரை கூலர் வெதுவெதுப்பாக இருந்து, 80 டிகிரி தாண்டியதும் ஹோஸ் திடீரெனச் சுடும்.

பிறகு அதே தாப்பா ஏற்றம், அதே வேகம், முடிந்தால் அதே வெயில் நேரம். முன்பு 125 காட்டிய இடத்தில் 105 காட்டினால் வேலை சரி. 80க்குக் கீழேயே நின்றால் தெர்மோஸ்டாட் திறந்தபடி மாட்டிக்கொண்டிருக்கிறது. இறக்கத்திலும் மீட்டரைப் பார்க்கவேண்டும். கீழிறங்கும்போது ஆக்சிலரேட்டரை விட்டுவிட்டு மூன்றாவது கியரில் இன்ஜினால் வேகத்தைப் பிடிக்கையில் பெட்ரோல் எரிவதில்லை. சூட்டின் வரவு வெகுவாகக் குறைந்துவிடுகிறது. தெர்மோஸ்டாட் இல்லாத கூலர் அப்போதும் ஆயிலைக் குளிர வைத்துக்கொண்டே இருக்கும். அதே இறக்கத்தில் இன்டேக்கில் உண்டாகும் வெற்றிடம் தேய்ந்த வால்வு சீல்கள் வழியாக ஆயிலை உறிஞ்சவும் செய்யும். அடிவாரத்தில் மறுபடி முடுக்கும்போது பின்னால் நீலப்புகை கிளம்பினால் காரணம் அதுதான், கூலர் அல்ல. தாப்பாவுக்கு வந்ததும் அளவுக்குச்சியை ஒருமுறை பார்ப்பது பழைய இன்ஜினுக்குக் கட்டாயம்.

அதன் பிறகு பராமரிப்பு அதிகமில்லை. முதல் 500 கிலோமீட்டரில் ஒருமுறை எல்லா இணைப்புகளையும் கிளிப்புகளையும் பார்க்கவேண்டும். மழைக்காலத்தில் தோட்டச் சாலைகளின் செம்மண் சேறு கூலரின் மடிப்புகளில் அப்பிக் காய்ந்துவிடும். மெல்லிய நீரோட்டத்தால் பின்பக்கமிருந்து கழுவவேண்டும். பெரிய பிரஷர் பம்ப் வைத்து அடித்தால் தகடுகள் மடங்கிவிடும். ஆயில் மாற்றும்போது கூலரிலும் ஹோஸிலும் பழைய ஆயில் தங்கிவிடுவதால், கடுமையாக ஓட்டப்படும் காரில் மாற்றும் இடைவெளியைச் சற்றுக் குறைத்துக்கொள்ளலாம். ரப்பர் ஹோஸ்களைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை, வெடிப்பு தெரியும்வரை காத்திருக்காமல், மாற்றிவிடவேண்டும்.